பதில் சொல்ல மனமில்லாவிட்டால் பேசாமல் கடந்து போங்கள்

கணினி, கைப்பேசிச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் நம் இணையக் குழுவில் வியாழக்கிழமை இரவு நடந்ததைப் பெரும்பாலானோர் பார்த்தீர்கள். யார் யார் என்ன சொன்னார்கள் என்று திரும்ப எழுதப் போவதில்லை. கேள்வியை மட்டும் சொல்கிறேன். "கணினித் திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. வைரஸ் என்று சத்தம் வருகிறது. ஓர் எண்ணைக் கூப்பிடச் சொல்கிறது. கூப்பிடலாமா?" அவ்வளவுதான். அதற்கு வந்த முதல் பதில், "கூகுளில் தேடத் தெரியாதா?" அதன் கீழே ஒன்பது சிரிப்புப் பொம்மைகள். நாற்பது நிமிடத்திற்குள் அந்த அக்கா தம் கேள்வியை நீக்கிவிட்டார்.

நான் அப்போது ரயிலில் இருந்தேன். இங்கே சிங்கப்பூரில், அங் மோ கியோ நிலையத்தில் கேள்வியைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதலாம் என்று கைப்பேசியைப் பைக்குள் போட்டேன். ஈசூனில் இறங்கி, காய்கறி வாங்கிக்கொண்டு, என் அடுக்குமாடி புளோக்கின் கீழே மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது திறந்து பார்த்தால் கேள்வி இல்லை. அந்த அக்கா எண்ணைக் கூப்பிட்டாரா, இல்லையா என்பது இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. மூன்று நாளாக அது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். பதில் சொல்ல மனமில்லாவிட்டால் பேசாமல் கடந்து போங்கள். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

"கூகுளில் தேடு" என்று சொன்னவருக்கும், அதற்குச் சிரித்த ஒன்பது பேருக்கும் விளக்கமாகவே சொல்கிறேன். அந்தச் சிவப்புத் திரை எப்படி வருகிறது தெரியுமா? ஏதோ ஓர் இணையப் பக்கத்தில் தவறான இடத்தைத் தொட்டதும், உலாவி முழுத் திரையாக விரிகிறது. மூடும் பொத்தான் கண்ணில் படாது. எச்சரிக்கைக் குரல் ஓயாமல் கத்தும். கணினியில் வைரஸே இருக்காது, அது வெறும் படம். பதறிப்போய் அந்த எண்ணைக் கூப்பிட்டால், மறுமுனையில் பேசுகிறவர் மிகவும் மரியாதையாக ஒரு செயலியை இறக்கச் சொல்வார். இறக்கினால் கணினி அவர் கைக்குப் போய்விடும். பிறகு வங்கிக் கணக்கு. இதில் அந்த அக்கா எங்கே போய்த் தேடுவார்? தேட வேண்டிய கணினியே பூட்டிக் கிடக்கிறது. கைப்பேசியில் தேடலாம் என்பீர்கள். உதவி எண் என்று தேடினால் மேலே வந்து நிற்கும் விளம்பரங்களுக்குள்ளேயே போலி எண்கள் புகுந்துவிடுகின்றன. இதன் பெயர் தொழில்நுட்ப உதவி மோசடி என்று தெரிந்தவர்தான் இதைச் சரியாகத் தேட முடியும். பெயர் தெரிந்தவர் ஏன் கேள்வி கேட்கப் போகிறார்?

2024ஆம் ஆண்டில் மட்டும் இந்தச் சிறிய ஊரில் மோசடிக்காரர்களிடம் மக்கள் இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல். காவல்துறை வெளியிட்ட கணக்கு அது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சம்பவங்கள். அவற்றில் எத்தனை பேர், யாரிடமாவது கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, கேட்டால் சிரிப்பார்களே என்று கேட்காமல் இருந்திருப்பார்கள்? அந்த அக்கா கேட்டார். கூப்பிடுவதற்கு முன்பு கேட்டார். அரசாங்கம் சுவரொட்டி ஒட்டி நம்மைச் செய்யச் சொல்வது இதைத்தானே, "நின்று, சரிபார்த்துக்கொள்" என்று? சரிபார்க்க வந்தவரை நாம் துரத்தி அனுப்பியிருக்கிறோம்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று என் தம்பியே கேட்டான். சொல்கிறேன்.

2000ஆம் ஆண்டு வாக்கில் நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். தமிழில் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. வந்த கடிதங்களைத் திறந்தால் கொம்பும் புள்ளியும் தலையில் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். அது டிஸ்கி என்ற குறியீட்டு முறை, அதற்கான எழுத்துரு கணினியில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? இதே சிங்கப்பூரில்தான் நா. கோவிந்தசாமி கணினிக்குள் தமிழைக் கொண்டுவர உழைத்தார். 1997இல் முதல் தமிழிணைய மாநாடு நடந்ததும் இங்கேதான். ஆனால் என் மேசைக்கு அது எதுவும் வந்து சேரவில்லை. மலேசியாவிலிருந்த, முகம் தெரியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டேன். அவர் என்னைப் படிக்கச் சொல்லி எங்கும் அனுப்பவில்லை. எழுத்துருவை அனுப்பினார். உலாவியின் பட்டியலில் எதைத் தொட்டு எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு படியாக எழுதினார். நான் தவறாகச் செய்தேன். மறுபடி எழுதினார். மறுபடி தவறினேன். நான்காம் நாள் திரையில் 'வணக்கம்' என்று தமிழில் தெரிந்தபோது, அலுவலகம் என்றும் பாராமல் கண் கலங்கிவிட்டது.

இன்று நீங்கள் தமிழில் தட்டி ஒருவரைக் கேலி செய்கிறீர்களே, அந்தத் தமிழ் இணையத்திற்கு வந்ததே இப்படிப்பட்ட முகம் தெரியாதவர்களின் பொறுமையால்தான். மென்பொருள் எழுதியவர்கள் சிலர். அதை எப்படி நிறுவுவது என்று ஊர் ஊராக, ஆள் ஆளாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஏராளம். அவர்களில் யாராவது "உனக்குத் தேடத் தெரியாதா?" என்று கேட்டிருந்தால் நான் அன்றோடு ஆங்கிலத்திற்குப் போயிருப்பேன்.

இனி, வழக்கமாக வரும் மறுப்புகள்.

"ஒரே கேள்வியை நூறு பேர் கேட்கிறார்கள், அலுத்துவிடுகிறது." உண்மை. எனக்கும் அலுக்கும். 2025 ஜூலையில், நாட்டின் 60ஆம் ஆண்டுக்காக அரசாங்கம் தந்த எஸ்ஜி60 பற்றுச்சீட்டு வந்தபோது, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 800 வெள்ளி, மற்றப் பெரியவர்களுக்கு 600 வெள்ளி, அதை எப்படிப் பெறுவது, சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கின் கடவுச்சொல் மறந்துவிட்டது, வந்த குறுஞ்செய்தி உண்மையா பொய்யா என்று நாள்தோறும் கேட்டார்கள். ஒருநாள் சோறு வடிக்கப் போனவள் பதில் எழுதிக்கொண்டே நின்று, கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. ஆனால் நூறு தடவை என்பது என் கணக்குதான். கேட்கிறவர் ஒவ்வொருவரும் முதல் தடவையாகத்தான் கேட்கிறார். அலுப்பாக இருந்தால் அன்றைக்கு ஓய்வெடுங்கள். வேறு யாராவது சொல்வார்கள்.

"கேள்வியை ஒழுங்காகக் கேட்பதில்லை." ஆமாம், 'என் கணினி வேலை செய்யவில்லை' என்று மட்டும்தான் எழுதுவார்கள். மருத்துவரிடம் போய் 'வயிறு சரியில்லை' என்றுதானே சொல்கிறோம்? விளக்கு எரிகிறதா, திரையில் என்ன எழுத்து இருக்கிறது, கடைசியாக எதைச் செய்தீர்கள், இந்த மூன்றைத் திருப்பிக் கேட்டால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும்.

"சமூக மன்றத்திலும் நூலகத்திலும் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்களே, அங்கே போகலாமே." போகலாம். 2020இல் மின்னிலக்கத் தூதர்கள் என்று ஆயிரம் பேரை நியமித்தது நல்ல காரியம். என் பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி அவர்களிடம்தான் கைப்பேசியில் பணம் செலுத்தக் கற்றுக்கொண்டார். ஆனால் திரை சிவப்பாவது இரவு ஒன்பது மணிக்கு. அந்த நேரத்தில் நாம்தான் இருக்கிறோம்.

"இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அதைக் கேட்கலாம்." தாராளமாகக் கேட்கட்டும். அதற்காக, இங்கே கேட்கிறவர் சிரிப்புப் பொம்மைகளைத் தாங்க வேண்டிய அவசியம் என்ன?

அபத்தமான கேள்வி என்று நீங்கள் நினைப்பது எப்போதும் அபத்தம் இல்லை. 2024 ஜனவரியில், ஜூன் முதல் பெரியவர்கள் பேருந்து, ரயில் கட்டணத்திற்குச் சிம்பிளிகோ என்ற புதிய முறைக்கு மாற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது நினைவிருக்கிறதா? அப்போதும் நம் குழுவில் ஒருவர் கேட்டார், "அட்டையில் மிச்சம் எவ்வளவு என்று நுழைவாயிலில் காட்டாதாமே, ஏன்?" உடனே, "செயலியில் பார்க்கத் தெரியாதா, எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்?" என்று பாய்ந்தார்கள். அதே கேள்வியைத்தான் ஊர் முழுக்க மக்கள் கேட்டார்கள். ஜனவரி 22ஆம் தேதி அரசாங்கம் முடிவை மாற்றிக்கொண்டு, பழைய முறையையும் நீட்டிக்க 40 மில்லியன் வெள்ளி ஒதுக்குவதாக அறிவித்தது. பாய்ந்தவர்கள் ஒருவராவது அந்த மனிதரிடம் "நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான்" என்று சொன்னார்களா? நான் தேடிப் பார்த்தேன். இல்லை.

சென்ற அக்டோபரையும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. வாடகை வாகனம் ஓட்டும் ஓர் அண்ணன் கேட்டார், "கடையில் புதிய மடிக்கணினிதான் வாங்க வேண்டும் என்கிறார்கள், ஆயிரத்து இருநூறு வெள்ளியாம், பிள்ளைக்குத் தேர்வு நேரம், வேறு வழி இல்லையா?" அவருடைய கணினி அவ்வளவு பழையது இல்லை. விண்டோஸ் 11க்குத் தேவையான டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி உள்ளே இருந்தது, அமைப்பில் அணைந்து கிடந்தது, அவ்வளவுதான். கணினி தொடங்கும்போது எந்த விசையை அழுத்த வேண்டும், எந்தப் பக்கத்தில் அதை இயக்க வேண்டும் என்று நம் குழுவின் ஒரு தம்பி, பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளை, படம் எடுத்துப் போட்டு விளக்கினான். ஒரு வெள்ளி செலவில்லை. அந்த அண்ணன் தீபாவளிக்கு அவன் வீட்டைத் தேடிப்போய் முறுக்கு கொடுத்துவிட்டு வந்தார். இதுவும் நம் குழுதான். வியாழக்கிழமை நடந்ததும் நம் குழுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒருவர் தனியாக எழுதியிருந்தார்: "நீங்கள் பெயர் வாங்குவதற்காகச் செய்கிறீர்கள்." பதினோரு வருடமாகப் பதில் சொல்கிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது. புளோக்கின் கீழ்த்தளத்தில் எதிரே வந்தால் என்னை அடையாளம் காணமாட்டீர்கள். என்ன பெயரை வாங்கினேன்? இந்த ஒரு வரி என்னை எவ்வளவு காயப்படுத்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நான் ஏன் செய்கிறேன் என்று தெரிய வேண்டுமா? இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

என் அம்மாவுக்குத் திருவாரூரில் ஒரு தங்கை. அவரோடு காணொளியில் பேச வேண்டும் என்று அம்மா என்னிடம் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் மறந்துவிட்டார். மறுபடி சொன்னேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, வேலை முடிந்து வந்த களைப்பில், "எத்தனை தடவைதான் சொல்வது அம்மா?" என்று கத்திவிட்டேன். பிறகு அவர் கேட்கவே இல்லை. கற்றுக்கொண்டுவிட்டார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஏழெட்டு மாதம் கழித்து, கீழே மளிகைக்கடையில் வேலை பார்க்கும் தம்பி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை, பேச்சுவாக்கில் சொன்னான். "அம்மா இன்றைக்கு வரவில்லையே அக்கா, உடம்பு சரியில்லையா? தினமும் சாயங்காலம் நான்தான் போட்டுக்கொடுப்பேன், இந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துதான் சித்தியோடு பேசுவார்கள்."

சொந்த மகள் வீட்டில் இருக்க, என் அம்மா ஓர் அந்நியனிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவன் அரிசி மூட்டையைக் காட்டி உட்காரச் சொல்லியிருக்கிறான். முகம் சுளிக்காமல் மாதக்கணக்கில் செய்திருக்கிறான். அவனுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. அன்று வீட்டுக்கு ஏறிவந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "உனக்கு வேலை அதிகம்மா" என்று என் பக்கமே பேசினார். அது இன்னும் வலித்தது.

அதனால், "கூகுளில் தேடு" என்ற மூன்று நொடிப் பதிலின் பின்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டவர் கோபப்படமாட்டார். சண்டை போடமாட்டார். அதன்பிறகு உங்களிடம் எதையும் கேட்கமாட்டார். சிரித்தவர்களில் இரண்டு பேர் "விளையாட்டாகச் செய்தோம்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை எனக்கு எழுதி என்ன பயன்? அந்த அக்காவுக்கு எழுதுங்கள். நான் அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்னும் திறக்கவில்லை.

அக்கா, ஒருவேளை நீங்களோ உங்கள் பிள்ளைகளோ இதைப் படித்தால், உங்கள் கேள்விக்குப் பதில் இதோ. அந்த எண்ணைக் கூப்பிட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் போடுவதே இல்லை. விசைப்பலகையில் இடது மேல் மூலையில் இருக்கும் எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், முழுத் திரை சுருங்கும், உலாவியை மூடிவிடலாம். அதுவும் நடக்காவிட்டால் கணினியை இயக்கும் பொத்தானைப் பத்து நொடி அழுத்தி அணைத்துவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டிருந்தால், இணையத்தைத் துண்டித்துவிட்டு முதலில் வங்கி அட்டையின் பின்புறம் இருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள். எதிலாவது சந்தேகம் என்றால் 1799, அது எந்த நேரமும் இயங்கும் மோசடித் தடுப்பு உதவி எண்.

இதில் எந்தப் படி புரியாவிட்டாலும் எனக்கு எழுதுங்கள். குழுவில் வேண்டாம் என்றால் தனியாக எழுதுங்கள். இன்றிரவு பன்னிரண்டு மணி வரை விழித்திருப்பேன்.