அணை மட்டத்தை எழுத்தாப் போடுங்க

பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு நீர்மட்டம் தினமும் காலையில வாட்ஸ்அப் குழுக்கள்ல எக்செல் ஸ்கிரீன்ஷாட்டா சுத்துது. அந்தப் படத்தை வச்சு போன வருஷத்தோட ஒப்பிடணும்னா ஒவ்வொரு எண்ணையும் திரும்பத் தட்டச்சு பண்ணணும். மார்க்டவுன் (சாதாரண எழுத்துக் குறிகளாலேயே தலைப்பு, அட்டவணை எல்லாம் அமைக்கிற முறை) அட்டவணைன்னா அந்தப் பாடே கிடையாது:

| அணை | முழு உயரம் (அடி) | இன்று |
|:---|---:|---:|
| பாபநாசம் | 143 | |
| சேர்வலாறு | 156 | |
| மணிமுத்தாறு | 118 | |

இதுல உயிர் இரண்டாவது வரிதான். தலைப்புல 3 கட்டம்னா அங்கேயும் 3 இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் கிட்ஹப் (நிரல்களைப் பகிர்ற தளம்) அதை அட்டவணையாவே எடுத்துக்காது, வெறும் கோடாத்தான் காட்டும். அந்த வரியில முக்காப்புள்ளி (:) கோடுகளுக்கு வலப்பக்கம் இருந்தா எண்கள் வலது ஓரமா ஒட்டி நிக்கும், 98-ம் 143-ம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு சரியா வரும். ஐபோன்ல ஸ்மார்ட் பங்க்சுவேஷனை அணைச்சுக்கிடுங்க. இல்லைன்னா அது சின்னக் கோடுகளைச் சேர்த்து ஒரே நீளக் கோடா மாத்திரும், அட்டவணை போச்சு.

கீழ் வரிகள்ல கட்டம் குறைஞ்சா காலியா விட்டுரும், பரவாயில்லை. கூடினாத்தான் ஆபத்து. கூடுதல் கட்டத்தைச் சத்தமே இல்லாம வெட்டிரும். குறிப்பு எழுதும்போது நடுவுல கட்டம் பிரிக்கிற நெடுங்கோடு (|) ஒண்ணு விழுந்துட்டா அதுக்குப் பின்னால உள்ளது காணாமப் போறது இப்படித்தான். அதுக்கு முன்னால ஒரு பின்சாய்கோடு போடுங்க: \|

தமிழ்ல எழுதுறவங்க அந்த நெடுங்கோடுகளை நேரா நிறுத்தப் பாடுபடவே வேண்டாம். 'மணிமுத்தாறு' கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடுல 11 குறி. எடிட்டர்ல தானா ஒழுங்குபடுத்துற வசதி பல இடங்கள்ல குறியை எண்ணி இடைவெளி விடும், அதனால கோணலாத்தான் தெரியும். கோணலா இருந்தாலும் வெளிய வரும்போது அட்டவணை நேராத்தான் வரும்.

2004-ல ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன்ல அட்டவணைக்குன்னு குறியே கிடையாது. பின்னால வந்தவங்க சேர்த்தது இது. அதனால செயலிக்குச் செயலி விதி கொஞ்சம் மாறும். அட்டவணைக்கு மேல ஒரு காலி வரியும், இரண்டாவது வரியில கட்டத்துக்குக் குறைஞ்சது 3 சின்னக் கோடும் போட்டா அனேகமா எல்லா இடத்துலயும் செல்லும். கிட்ஹப் மாதிரி இடங்கள்ல ஒரு கட்டத்துக்குள்ள பட்டியலோ, இரண்டு பத்தியோ வைக்க முடியாது. அங்க கட்டங்களை இணைக்கவும் வழியில்லை. அதெல்லாம் வேணும்னா எச்டிஎம்எல் (வலைப்பக்கம் எழுதுற மொழி) அட்டவணைதான் சரி.

முகநூல்ல மேல உள்ளது கோடும் புள்ளியுமாத்தான் தெரியும். அப்படியே காப்பி பண்ணி மார்க்டவுன் தெரிஞ்ச குறிப்புச் செயலியில ஒட்டுங்க, மூணாவது கட்டத்துல இன்றைய மட்டத்தை நிரப்புங்க.