கைவிட முடியாத ஒரு வாரம்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கும் என் மாமா, இனி ஒருபோதும் போகப் போவதில்லை என்று தமக்கே தெரிந்த ஒரு தீவில், இனிப் படுத்துறங்கப் போகாத ஒரு கட்டிலுக்காக, ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்திக்கொண்டிருக்கிறார். ஆண்டு முடிவு நெருங்கும்போது அந்த அறிவித்தல் மின்னஞ்சலில் வரும். அதை வாசித்துச் சொல்வதும், மறுமொழி எழுதுவதும், வங்கி வரிசையில் நிற்பதும் அவருக்காக நான் செய்யும் வேலைகள். எனக்கு அவற்றில் எந்தச் சலிப்பும் இல்லை. ஆனால் வயது போன ஒரு மனிதர், தமக்கு வேண்டாத ஒன்றை இலவசமாகத் திருப்பிக் கொடுக்க ஆயத்தமாக இருந்தும், அதை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டுப் பணத்தை மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு ஏற்பாடு இந்த உலகத்தில் சட்டப்படி இயங்குகிறது என்பதை நினைக்கும்போது நெஞ்சு கொதிக்கிறது.

ரைம்ஷெயர் என்று சொல்லப்படும் காலப்பங்குதான் அது. கடற்கரையோரத்தில் ஒரு தொடர்மாடியைக் கட்டி, அதிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் ஆண்டின் 52 வாரங்களாகப் பிரித்து, திருத்த வேலைக்கென ஓரிரு வாரங்களை ஒதுக்கிவிட்டு, மிகுதியை வாரம் வாரமாக வெவ்வேறு குடும்பங்களுக்கு விற்பார்கள். வாரம் ஒன்று 10,000 பவுண் என்று வைத்துக்கொண்டால், 50 வாரங்களுக்கு 500,000 பவுண். ஒரே ஒரு சிறிய வீட்டுக்கு இவ்வளவு தொகை கிடைக்கிறது. அதைக் கட்டுவதற்கும் தளபாடம் போடுவதற்கும் எவ்வளவு செலவாகியிருக்கும் என்பதை வீடு கட்டிய எவரும் ஊகித்துக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் பெரும் பகுதி விற்பனை மண்டபத்துக்கும், முகவர்களின் தரகுக்கும், இலவச விருந்துகளுக்கும் போகிறது. ஆகவே கையெழுத்திட்ட மறுநாளே அந்த வாரத்தைச் சந்தையில் விற்கப் போனால், கொடுத்த விலையில் சிறு பங்குகூடத் திரும்பி வராது.

மாமா அறியாமையினால் வாங்கினார் என்று யாரும் எண்ண வேண்டாம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், லண்டனில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், அவர் ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரீப் தீவில் ஓகஸ்ட் மாதத்து வாரம் ஒன்றை வாங்கினார். அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. பாடசாலை விடுமுறைக் காலத்தில் ஹோட்டல் விலை தாறுமாறாக ஏறும். நிரந்தரமாக எழுதப்பட்ட வாரம் என்றால் அந்தக் கவலை இல்லை. ஹோட்டல் அறைகள் பெரும்பாலும் நான்கு பேருக்கு மேல் இடம் தருவதில்லை. எங்கள் குடும்பமோ அம்மம்மாவையும் சேர்த்து ஏழு பேர். இரண்டு படுக்கையறையும் சமையலறையும் உள்ள வீடு என்பதால் காலையில் புட்டு அவித்து, மத்தியானம் மீன் குழம்பு வைத்து, வெளிச்சாப்பாட்டுச் செலவே இல்லாமல் ஒரு வாரத்தைக் கழிக்க முடிந்தது. எல்லாவற்றையும்விட, பணம் கட்டியாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகவாவது அவர் ஆண்டுக்கு ஒரு வாரம் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு இருந்தார். மேலதிக வேலை கிடைத்தால் விடுமுறையை விட்டுக்கொடுக்கும் அந்தத் தலைமுறைக்கு அது பெரிய காரியம். தெனெரீப் அலுத்துவிட்டால் 1974 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஆர்சிஐ போன்ற பரிமாற்ற நிறுவனங்கள் ஊடாக வேறொரு நாட்டு வாரத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருந்தது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆயினும் மாமி அந்த வழியில்தான் போர்த்துக்கலைப் பார்த்தார். இந்த நன்மைகள் அனைத்தும் உண்மையானவை. அவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. பிள்ளைகள் சிறுவர்களாக இருந்த ஆண்டுகளில் அந்த வாரம் அதன் விலைக்குப் பெறுமதியாகவே இருந்தது.

பிள்ளைகள் வளர்ந்தார்கள், மாமி காலமானார், மாமா ஊரோடு வந்துவிட்டார். வாழ்க்கை இப்படி மாறும் என்பது எந்த விற்பனை முகவருக்கும் தெரியாத செய்தி அல்ல. ஒப்பந்தத்தில் மட்டும் அதற்கு இடமே வைக்கப்படவில்லை.

பராமரிப்புக் கட்டணம் உறங்குவதே இல்லை. நீங்கள் அங்கே போனாலும் போகாவிட்டாலும் அது கட்டப்பட வேண்டும். நீச்சல் தடாகத்தைப் புதுப்பித்தோம், கூரையைத் திருத்தினோம் என்று இடையிடையே விசேட அறவீடு ஒன்றும் சேரும். கட்டத் தவறினால் வட்டி, எச்சரிக்கைக் கடிதம், கடன் அறவிடுவோரின் தொல்லை என்று தொடரும். இங்கே இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். பிரித்தானிய அரச ஓய்வூதியத்தைப் பெறுபவர் இலங்கையில் வந்து குடியிருந்தால், அங்கே உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் உயர்வு அவருக்குக் கிடையாது. எந்தத் தொகையோடு வந்தாரோ அந்தத் தொகையிலேயே அது நின்றுவிடும். மாமாவின் வருமானம் உறைந்து கிடக்கிறது, கட்டணமோ ஒவ்வோர் ஆண்டும் ஏறுகிறது. மருந்துச் செலவு கூடும் வயதில், ஓய்வூதியத்தில் பல வாரத் தொகையை, காணாத ஒரு கூரைக்கும் தொடாத ஒரு தடாகத்துக்கும் அவர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

இதைச் சொத்து என்று சொல்லி விற்றார்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. பங்கு என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தில் எவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இத்தனை பரப்புக் காணியோடு கிணற்றில் இத்தனை பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் என்று உறுதியில் எழுதி, முறை வைத்துத் தண்ணீர் இறைத்துத் தோட்டம் செய்த ஊர் இது. அங்கேயும் நேரம்தான் பகிரப்பட்டது. அங்கேயும் கிணறு துப்புரவாக்கும் செலவைப் பங்காளர்கள் சேர்ந்தே ஏற்றார்கள். ஆனால் ஒருவர் தம் பங்கை விற்க நினைத்தால், சக பங்காளர்களுக்கு முதலில் அறிவித்து அவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை. அதற்கென்று 1947 ஆம் ஆண்டில் தனியான கட்டளைச் சட்டமே இயற்றப்பட்டது. அந்தப் பங்கு வெளியாருக்குப் போய்விடக்கூடாது என்று மற்றவர்கள் போட்டியிடும் அளவுக்கு அது பெறுமதியானது. மாமாவின் வாரத்தையோ சும்மா தருகிறோம் என்றாலும் வாங்க ஆளில்லை. இணையத்தில் ஒரு பவுணுக்கும் ஒரு டொலருக்கும் இத்தகைய வாரங்கள் விற்பனைக்குக் கிடக்கின்றன, அந்த விலைக்கும் அவை போவதில்லை.

ஐரோப்பாவில் சட்டம் விழித்துக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். 2009 ஜனவரியில் ஏற்கப்பட்ட ஐரோப்பிய ஒன்றியப் பணிப்புரை, வாங்கியவர் காரணம் எதுவும் கூறாமல் 14 நாட்களுக்குள் விலகிக்கொள்ளலாம் என்றும், அந்த நாட்களில் முற்பணம் எதுவும் பெறக்கூடாது என்றும் விதித்தது. காலப்பங்கை முதலீடு என்று விளம்பரப்படுத்தவோ விற்கவோ கூடாது என்றும் அது தெளிவாகத் தடுத்தது. ஸ்பெயின் 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்த ஒப்பந்தங்களுக்கு 50 ஆண்டு என்ற உச்ச எல்லையை வைத்தது. அதற்குப் பின்னரும் முடிவில்லாக் காலத்துக்கு விற்கப்பட்ட ஒப்பந்தங்கள் செல்லாதவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015 இல் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் மாமா கையெழுத்திட்டது அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருமுன்னர். விற்பனை மண்டபத்தில் அவர் காதில் முதலீடு என்ற சொல் எத்தனை முறை விழுந்திருக்கும்! தடை வந்து சேர்ந்தபோது அவரும் அவரைப் போன்ற பல்லாயிரம் பேரும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள்.

வெளியேறத் துடிப்பவர்களைச் சுற்றி இன்னொரு கூட்டம் முளைத்திருப்பது, எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது போன்ற காரியம். உங்கள் வாரத்தை வாங்க ஆள் ஆயத்தமாக இருக்கிறார், வரியையும் பதிவுச் செலவையும் மட்டும் நீங்கள் முற்பணமாக அனுப்பினால் போதும் என்று இனிய குரலில் தொலைபேசியில் பேசுவார்கள். கோண்டாவிலில் இருக்கும் மாமாவின் வாட்ஸ்அப்புக்கும் அப்படியான அழைப்புகள் வந்திருக்கின்றன. இது யாரோ சில்லறை ஏமாற்றுக்காரர்களின் வேலை என்று நினைக்க வேண்டாம். மெக்சிக்கோவை மையமாகக் கொண்ட காலப்பங்கு மோசடிகளில் 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 6,000 அமெரிக்கர்கள் சுமார் 30 கோடி டொலரை இழந்ததாக முறையிட்டிருப்பதாக அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ கணக்கிட்டிருக்கிறது. போதைப்பொருள் கும்பல்களே அதை நடத்துகின்றன என்று அந்நாட்டுத் திறைசேரி பொருளாதாரத் தடைகளையும் விதித்திருக்கிறது. வயோதிபர்களைத் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள். தப்பும் வழியை ஒப்பந்தமே திறந்து வைத்திருந்தால், இந்தக் கொள்ளைக்காரர்களுக்கு விற்பதற்கு என்ன இருந்திருக்கும்?

மாமா என்னிடம் அடிக்கடி கேட்பது பணத்தைப் பற்றி அல்ல. "தம்பி, நான் செத்தால் இது பிள்ளையளின்ரை தலையிலை விழுமோ?" என்றுதான் கேட்கிறார். முடிவில்லாக் காலம் என்ற வாசகம் விற்கும்போது தலைமுறை தலைமுறையாகக் கிடைக்கும் செல்வம் என்று விளக்கப்பட்டது. இன்று அதே வாசகம் அவருடைய உறக்கத்தைக் கெடுக்கிறது. வாரிசுகள் இத்தகைய உரிமையை ஏற்காமல் மறுக்கலாம், ஆனால் அதைப் பயன்படுத்தவோ அதற்குப் பணம் கட்டவோ தொடங்குமுன் எழுத்தில் மறுக்க வேண்டும். இதை அவருடைய பிள்ளைகளுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நிறுவனத்துக்கும் உரிமையைக் கையளிப்பதாகப் பல தடவை எழுதினேன். வந்த மறுமொழிகளெல்லாம் நிலுவையைப் பற்றியவை. கட்டணத்தை உயர்த்த ஒரு கடிதம் போதுமாக இருக்கும் அலுவலகத்துக்கு, எழுபது வயதைக் கடந்த ஒருவரின் கையளிப்பை ஏற்றுக்கொள்ள ஒரு படிவம் இல்லையாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த வாரத்தில்தான் ரொறன்ரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கையிடமிருந்து செய்தி வந்தது. குடும்பத்தோடு மெக்சிக்கோவில் உள்ள கன்கூனுக்குப் போகிறார்களாம்; அங்கே காலை உணவும் சுற்றுலாவும் இலவசமாகத் தந்து ஒரு காலப்பங்கு விளக்கக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்களாம். போகாதே என்றுதான் மறுமொழி அனுப்பினேன். போய்த்தான் ஆக வேண்டும் என்றால், அவள் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் கையெழுத்திட்டவருக்கு 10 நாள் அவகாசம் இருப்பதை நம்பி அங்கே பேனாவைத் தூக்க வேண்டாம் என்றும், மெக்சிக்கோச் சட்டத்தில் கிடைப்பது 5 வேலைநாட்கள் மட்டுமே என்றும் எழுதினேன். தவறிக் கையெழுத்திட்டுவிட்டால், ஊருக்குத் திரும்பிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், ஹோட்டலை விட்டுப் புறப்படுமுன்னரே ரத்துக் கடிதத்தை எழுதிக் கொடுத்து, அதன் பிரதியில் திகதியுடன் ஒப்பம் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.