தெருக்கூத்து ஆட இன்றும் ஆள் இருக்கிறார்கள்

தெருக்கூத்து அழிந்துவிட்டது, இனி பழைய வீடியோவில்தான் பார்க்க முடியும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வருத்தம் நியாயமானது, ஆனால் தகவல் சரியல்ல. வட மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில், மகாபாரதக் கதையைத் தெருக்கூத்தாக ஆடும் பாரதக் கூத்து இன்றும் விடிய விடிய நடக்கிறது. விழாவின் கடைசி நாள் படுகளத்தில், அதாவது பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் இடத்தில், தரையில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருப்பான். அவன் தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தலை முடிவாள். ஊரே கூடி நிற்கும், பார்க்கவே சிலிர்க்கும்!

சந்தேகமிருந்தால் கோடையில் திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் அக்னி வசந்த விழா (திரௌபதி அம்மன் கோயில் திருவிழா) அழைப்பிதழை வாங்கிப் பாருங்கள். எந்த இரவு எந்தக் கூத்து என்று அச்சிட்டிருப்பார்கள். அப்புறம், பத்ம விருதுகளின் அரசு இணையதளத்தில் 2025 பத்மஸ்ரீ பட்டியலைத் திறந்தால் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் பெயரையும் காணலாம்.