கலோடன்: பசியும் சதுப்பும் தோற்கடித்த படை

பிரிட்டிஷ் அரியணையைத் தம் ஸ்டூவர்ட் குடும்பத்துக்கு மீட்க முயன்ற இளவரசர் சார்லஸின் படையும் அரசுப் படையும் ஸ்காட்லாந்தில் 1746 ஏப்ரல் 16 அன்று மோதிய கலோடன் போரை, வாள் ஏந்திய ஸ்காட்லாந்து மலைநாட்டாருக்கும் துப்பாக்கி ஏந்திய ஆங்கிலேயருக்கும் இடையிலான மோதலாக, அப்போரைப் பற்றி அண்மையில் வந்த கட்டுரையின் ஆசிரியர் சித்திரிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. போருக்குப் பின் களத்தில் அரசுப் படை கைப்பற்றியதாகப் பதிவானவை 2,320 துப்பாக்கிகளும் வெறும் 190 வாள்களும்தான். மேலும், அரசுப் படையில் ராயல் ஸ்காட்ஸ் உள்ளிட்ட ஸ்காட்லாந்துப் பிரிவுகளும் காம்பெல் குலத்து மலைநாட்டாரும் இருந்தார்கள். சொந்த மண்ணின் மக்களே எதிரெதிராக நின்ற துயரத்தை மறைத்துவிட்டு இப்போரைப் பேசுவது முறையாகாது.

சார்லஸ் படையின் தோல்விக்கான காரணத்தை முந்தைய இரவிலிருந்தே தேட வேண்டும். தன் தளபதி கம்பர்லாந்து கோமகனின் பிறந்தநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்த அரசுப் படையை நெய்ர்ன் ஊரிலிருந்த பாசறையில் திடீரெனத் தாக்கும் எண்ணத்துடன் இருட்டில் நடந்த இளவரசர் சார்லஸின் வீரர்கள், விடிவதற்குள் அங்கே சென்றடைய முடியாமல் பாதி வழியில் திரும்பினார்கள். முந்தைய நாள் ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட் கிடைத்திருந்தது, உறக்கமும் இல்லை. அந்த நிலையில், ஆலங்கட்டி கலந்த மழை முகத்தில் அறைய, கால் புதையும் சதுப்புத் தரையில் பீரங்கிச் சிதறுகுண்டுகளை எதிர்கொண்டு ஓட வேண்டியிருந்தது. திறந்த அந்தக் களம் மலைநாட்டாருக்கு ஒவ்வாது என்று சார்லஸின் தளபதி லார்டு ஜார்ஜ் மரே முன்பே எதிர்த்திருந்தார்.

ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. காயமுற்றுக் கிடந்தவர்களும் கொல்லப்பட்டார்கள் என்பதைக் கட்டுரை ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்க வேண்டும்.