நன்றி கெட்டவள் என்று எழுதிய அண்ணைக்கு

குழுவில் இரண்டு நாளாக நடப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜனவரி 26, அவுஸ்திரேலியா தினப் பார்பிகியூவுக்கு நான் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள், காரணத்தைச் சொன்னேன். கிடைத்த பட்டம், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவள். அதற்கு லைக் போட்டவர்களில் என் கலியாணத்துக்கு வந்து வாழ்த்தியவர்களும் இருக்கிறார்கள்.

நான் சொன்னது ஒன்றுதான். இந்த நாட்டைக் கொண்டாடுங்கள், அந்தத் திகதியில் வேண்டாம். 1788 ஜனவரி 26 அன்று முதல் ஆளுநராக வந்த ஆர்தர் பிலிப் சிட்னிக் குடாவில் பிரித்தானியக் கொடியை ஏற்றியபோது அங்கே ஏற்கெனவே மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் நிலம் பறிபோகத் தொடங்கியது அன்றுதான். அதை அவர்கள் இன்று நேற்றுச் சொல்லவில்லை. 1938இல் சிட்னி 150ஆவது ஆண்டு விழா எடுத்த அதே நாளில் வில்லியம் கூப்பர், ஜாக் பற்றன், வில்லியம் பெர்குசன் போன்ற பூர்வகுடித் தலைவர்கள் துக்க நாள் அனுட்டித்தார்கள். 1988இல், 200ஆவது ஆண்டில், 40,000 பேருக்கு மேல் தெருவில் இறங்கி நடந்தார்கள்.

"காலங்காலமாக வந்த நாள், மாற்றேலாது" என்கிறார் ஒருவர். எல்லா மாநிலங்களும் ஒன்றாக 26ஆம் திகதியிலேயே விடுமுறை விடத் தொடங்கியது 1994இல். என்னைவிட வயது குறைந்த வழக்கம் அது. அரசர் சார்ல்ஸ் பிறந்தது நவம்பர் 14. அவருடைய பிறந்தநாளுக்கு விக்டோரியாவில் நாங்கள் யூனில் வீட்டில் நிற்கிறோம், குயின்ஸ்லாந்துக்காரர் ஒக்டோபரில். தொழிலாளர் தினம் எங்களுக்கு மார்ச், சிட்னிக்கு ஒக்டோபர். காற்பந்து இறுதிப்போட்டிக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை விடுமுறையே 2015இல் வந்ததுதான். இதற்கெல்லாம் யாரும் நாடு போச்சு என்று அழவில்லை. இந்தத் திகதியை மட்டும் தொடக்கூடாதா?

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பூர்வகுடி அக்கா ஒருவர் இருக்கிறார். ஒரு ஜனவரி 26 காலை, தேநீர் அறை மேசை முழுக்கக் கொடி அச்சடித்த கடதாசித் தட்டுகள், நடுவில் லமிங்டன் கேக். அவர் வந்தார், கோப்பையை எடுத்துத் தேநீர் ஊற்றினார், யாரோடும் ஒன்றும் கதைக்காமல் வெளியே போய்க் காருக்குள் இருந்து குடித்தார். பிறகு ஒருநாள் அவராகவே சொன்னார்: அவருடைய அம்மம்மாவைச் சின்ன வயதில் தாயிடமிருந்து அரசாங்கம் பிடுங்கிக்கொண்டு போனதாம். 2008 பெப்ரவரி 13 அன்று அப்போதைய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது அப்படிப் பறிக்கப்பட்ட பிள்ளைகளிடம்தான். அதைக் கேட்க அந்த அம்மம்மா உயிரோடு இல்லை.

இது தெரிந்த பிறகும் அந்தத் தட்டில் நான் எப்படிக் கை வைப்பது?

இலங்கையின் சுதந்திர தினம், பெப்ரவரி 4, எங்களுக்கு என்ன நாள்? பள்ளிக்கூடத்தில் கையில் கடதாசிக் கொடியைத் தந்து வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். கொடித்தடியின் சிராய் உள்ளங்கையில் ஏறியது, துவக்கோடு நின்றவர்களைப் பார்த்த பயத்தில் அதைப் பிடுங்கக்கூடக் கையை விரிக்கவில்லை. அந்த நாளைக் கரிநாள் என்று வருடா வருடம் இதே குழுவில் எழுதுகிறவர்கள்தான் இப்போது எனக்கு நன்றி பற்றிப் பாடம் எடுக்கிறார்கள். "அது வேற, இது வேற" என்கிறார்கள். எப்படி வேறு என்று ஒருவரும் எழுதவில்லை.

1949 ஜனவரி 26இல்தான் அவுஸ்திரேலியக் குடியுரிமையே வந்தது என்று ஒரு தம்பி எழுதினார். உண்மைதான், அதனால் 1788 நடக்காமல் போய்விடாது. இன்னொருவர் பெரும்பான்மையின் விருப்பம் என்கிறார். நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லப் பூர்வகுடிகளுக்கு ஒரு அமைப்பு வேண்டுமா என்று கேட்ட 2023 ஒக்டோபர் 14 வாக்கெடுப்பில் 60 வீதம் பேர் இல்லை என்று சொன்னது எனக்கும் தெரியும். பெரும்பான்மை சொன்னால் சரி என்று ஒரு ஈழத்தமிழர் இன்னொரு ஈழத்தமிழருக்கு எழுதுகிறார்! அதை வாசித்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

நன்றி இல்லையாம். போரில் இறந்த படைவீரர்களை இந்த நாடு நினைக்கும் அன்சாக் தினத்தில் விடியமுன்னம் குளிரில் நினைவாலயத்தில் போய் நிற்கிறவள் நான். என் பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்கூடம் போவது இந்த நாட்டில். அந்த நன்றி எனக்கு உயிர் உள்ளவரை இருக்கும். ஆனால் நாங்கள் வீடு கட்டியிருக்கும் மண் யாருடையது? அவர்களுக்கும் ஒரு நன்றி கிடையாதா? முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18க்கு இங்கத்தைய எம்பி ஒருவர் வந்து தலைகுனிந்து நின்றால் படம் எடுத்துப் பெருமையாகப் போடுகிறோம். எங்கள் சாவு வீட்டுக்கு உலகமே வரவேண்டும் என்று கேட்கிறோம். பக்கத்து வீட்டுச் சாவுக்குப் பாட்டை நிறுத்தச் சொன்னால் கோபம் வருகிறது. இதுதான் எனக்கு வலிக்கிறது அண்ணை, நீங்கள் தந்த பட்டம் அல்ல.

குழுவிலிருந்து நீக்குவதென்றால் நீக்குங்கள். அடுத்த ஜனவரி 26 காலை மெல்பேர்ன் ஸ்பிரிங் வீதியில், நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால் பூர்வகுடிகளோடு நிற்பேன். மகளும் வருகிறாள். காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது, வருகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.