ஸ்லைடை மூடிவிட்டு உள்ளே கூட்டிப்போங்கள்

கல்லூரி ஆசிரியர்களுக்குக் கல்வித் தொழில்நுட்பம் சொல்லித்தரும் பயிற்சி வகுப்புகள் பற்றி நெடுநாளாகவே எனக்கு வருத்தம் உண்டு. மாணவர்கள் தாங்களே செய்து கற்க வேண்டும் என்பதை ஒருவர் மேடையில் நின்று இரண்டு மணி நேரம் பேசுகிறார். எதிரே இருக்கும் ஆசிரியர்கள் எதையும் செய்து பார்ப்பதில்லை. சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய், மறுநாள் பழையபடியே பாடம் எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காட்டாத ஒன்றை அவர்கள் எப்படிப் பிடித்துக்கொள்வார்கள்?

இதற்கு நல்ல வழி மெய்நிகர் உலகம், அதாவது பலர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து உலவும் கணினி உலகம், என்பது என் உறுதியான எண்ணம். ஃபேஸ்புக் நிறுவனம் 2021-ல் மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகு கிளம்பிய 'மெட்டாவெர்ஸ்' பேச்சைச் சொல்லவில்லை. அதற்கு வெகுமுன்பே, 2003-ல், லிண்டன் லேப் தொடங்கிய செகண்ட் லைஃப் இருந்தது. தலையில் விஆர் கண்ணாடி எதுவும் மாட்ட வேண்டாம், சாதாரணக் கணினி போதும். அதில் உங்களுக்கென்று ஓர் அவதார், அதாவது நீங்கள் இயக்கும் உருவம். நடக்கலாம், பறக்கலாம், எதையும் கட்டலாம். 2006 வாக்கில் அமெரிக்க, பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் வரிசையாக அங்கே 'தீவு' வாங்கின; தங்களுக்கென்று ஒரு தனி நிலப்பரப்பு, அதற்கு மாதாமாதம் கட்டணம். அந்த ஆண்டு ஹார்வர்டு சட்டக் கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் நெசன், மகள் ரெபெக்காவுடன் சேர்ந்து சைபர்ஒன் என்ற பாடத்தை நடத்தினார். வளாகத்துக்கே வராதவர்களும் செகண்ட் லைஃப் வழியாக அதில் கலந்துகொண்டார்கள்.

ஆனால் வந்த பல்கலைக்கழகங்களில் பல முதலில் கட்டியது என்ன? தங்கள் வளாகத்தின் நகலை. அதே முகப்பு, அதே அரங்கம், வரிசையாக நாற்காலி, முன்னால் ஒரு திரை. பறக்கத் தெரிந்த மாணவரை நாற்காலியில் உட்காரவைத்து ஸ்லைடு காட்டினார்கள். நகல் எப்போதுமே வீண் என்று சொல்லவில்லை. 2020-ல் கொரோனாவால் யாரும் வர முடியாதபோது ஐஐடி பம்பாய் அவதார்களைக் கொண்டு பட்டமளிப்பு நடத்தியது; விழாவுக்கு அந்தக் கட்டடமும் மேடையும் தேவைதான். தினப்படி வகுப்புக்குத் தேவையில்லை.

சரி, எது உருப்படியான வேலை? டெக்சஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் மேரி ஆன் கிளார்க் செகண்ட் லைஃபில் உருவாக்கிய ஜீனோம் தீவு. மரபியலின் முன்னோடி மெண்டலின் மடத்துத் தோட்டத்தை அங்கே அமைத்தார். பட்டாணிச் செடிகளை மாணவரே கலப்பினம் செய்து, வரும் விகிதத்தை எண்ணிப் பார்க்கலாம். நிஜத் தோட்டத்தில் ஒரு பருவம் காத்திருக்க வேண்டிய சோதனை, ஒரே வகுப்பில் பலமுறை நடக்கும்.

அதைவிட என்னை உலுக்கியது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மனநல மருத்துவர் பீட்டர் யெல்லோலீஸ் செய்தது. மனச்சிதைவு நோயாளிகளிடம் பேட்டி எடுத்து, அவர்கள் கேட்ட குரல்களையும் கண்ட காட்சிகளையும் வைத்து ஒரு மெய்நிகர் மருத்துவமனை கட்டினார். நடந்து போகும்போது குரல்கள் திட்டும். தரை விலகிப்போகும். கண்ணாடியில் உங்கள் முகமே செத்த முகமாகத் தெரியும். பார்த்துவிட்டுக் கருத்துச் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் செவிவழிப் பிரமையைப் பற்றித் தங்கள் புரிதல் கூடியதாகச் சொன்னார்கள். பாடப்புத்தகத்தில் 'பிரமை' என்று ஒரு வரியில் கடந்துபோகும் விஷயம் இது. லண்டன் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஆம்புலன்ஸ் பணிக்குப் படிக்கும் மாணவர்கள் குழுவாக ஒரு மெய்நிகர் நோயாளிக்கு முதலுதவி செய்து பழகினார்கள். யார் என்ன செய்வது என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடிவெடுக்க வேண்டும்.

ஆசிரியர் பயிற்சியை இப்படிப்பட்ட இடத்தில் நடத்த வேண்டும் என்கிறேன். இருபது வருட அனுபவமுள்ள பேராசிரியர் உள்ளே நுழைந்ததும் சுவரில் முட்டுவார். கதவைத் திறக்கத் தெரியாது. பத்தொன்பது வயது மாணவி ஒருத்தி, "சார், இப்படித் திரும்புங்க" என்று வழிகாட்டுவாள். எதையும் அறியாத நிலையில் ஒருவர் எப்படிக் கற்கிறார், எங்கே திணறுகிறார், யார் பக்கத்தில் இருந்தால் தைரியம் வருகிறது என்று அவர் தானே உணர்வார். கல்வித் தொழில்நுட்பத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். பாடங்களை இணையத்தில் ஏற்றி நடத்தும் மூடுல் மென்பொருள், ஆன்லைன் தேர்வு எல்லாம் அப்புறம். அந்த மூடுலையே செகண்ட் லைஃபோடு இணைக்கும் ஸ்லூடுல் என்ற திறமூலக் (ஓப்பன் சோர்ஸ்) கருவியும் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது.

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் அங்கே தட்டச்சில் கேள்வி கேட்பார்கள். எனக்கு இது ரொம்ப முக்கியம். ஆனால் பார்வையற்ற மாணவருக்கு இந்தக் காட்சி உலகம் பெரும்பாலும் மூடிய கதவு. அவருக்கு வேறு வழி வைக்காமல் இதைக் கட்டாயமாக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை, வாடகை நிலம் பற்றி. லிண்டன் லேப் கல்வி நிறுவனங்களுக்குப் பாதி விலைச் சலுகை தந்துவந்தது. அதை 2011 ஜனவரியோடு நிறுத்துவதாக 2010 அக்டோபரில் திடீரென அறிவித்தது. சலுகை இல்லாமல் ஒரு முழுத் தீவுக்கு அப்போது மாதம் 295 டாலர். கல்வியாண்டின் நடுவில் அந்தப் பணத்துக்குத் துறைகள் எங்கே போகும்? பல பல்கலைக்கழகங்கள் வெளியேறின. 2013-ல் சலுகை திரும்பியது, போனவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. பிற்பாடு இதே போன்ற மெய்நிகர் உலகங்களான மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ் 2023-லும், மொசில்லா ஹப்ஸ் சேவை 2024-லும் மூடப்பட்டன. ஆசிரியர்கள் வருடக்கணக்கில் உழைத்துக் கட்டியது ஒரு நிறுவனத்தின் ஒற்றை முடிவில் கைவிட்டுப் போவது எனக்குத் தாங்கவில்லை.

அதனால் துறைத்தலைவர்களிடம் நான் கேட்பது பெரிய பட்ஜெட் அல்ல. செகண்ட் லைஃப் போன்ற உலகத்தை நாமே நடத்த உதவும் ஓப்பன்சிமுலேட்டர் மென்பொருள் 2007-லிருந்து இருக்கிறது, இலவசம், திறமூலம். உங்கள் ஆய்வகச் சர்வரிலேயே ஓடும். கட்டிய தீவு முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆசிரியர் பயிற்சியில் அரை நாள் ஒதுக்குங்கள். பத்து கணினி, வழிகாட்ட நான்கைந்து மாணவர்கள், பாடத்தோடு ஒட்டிய ஒரு சிக்கல். பேச்சாளருக்குத் தரும் தொகையை அந்த மாணவர்களுக்குக் கொடுங்கள்.