பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது

மைக்ரோவேவ் ஓவனின் பிளக்கைக் கழற்றிவிட்டால் மூடியைத் திறந்து நாமே பழுது பார்க்கலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியில்லை. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) 2000 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஆகும். அந்தச் சார்ஜை வடிக்க ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) பெரும்பாலும் கெபாசிட்டருக்கு உள்ளேயே இருக்கும். ஆனால் அந்த ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால் பிளக் கழன்ற பிறகும் சார்ஜ் அப்படியே நிற்கும், பார்த்தால் தெரியாது. தொட்டால் உயிரே போகலாம்.

நான் சொல்வது சரியா என்று பார்க்க ஓவனைத் திறக்கவே வேண்டாம். இணையத்தில் மைக்ரோவேவ் கெபாசிட்டர் படம் தேடி, லேபிளைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பலவற்றில் 2100 வோல்ட், 10 மெகா ஓம் (இது அந்த ரெசிஸ்டரின் அளவு) என்று அச்சிட்டிருக்கும். அப்புறம் உங்கள் ஓவன் கையேட்டின் எச்சரிக்கைப் பக்கத்தையும் படியுங்கள். கதவு சுவிட்ச், ஃபியூஸ் மாற்றுவதாக இருந்தாலும் தயவுசெய்து மெக்கானிக்கிடம் கொடுங்கள்.